டி டிரைவில் வாப்பா

"மூலையில ஒரு பொட்டி வந்து வந்து நிக்குது. மூடினா மறுபடியும் வருது, சவம்!" என்று காக்கா ஃபோனில் கத்தியபோது, நான் ஐரோலியில் ஆபீஸ் கேன்டீனில் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். காக்கா என்றால் என் அண்ணன். எங்கள் வீட்டில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம், அப்பாவை வாப்பா என்று. தாராவியில் வாப்பா நடத்திவந்த தோல்பை பட்டறையை இப்போது அவர்தான் பார்க்கிறார். கீழே பட்டறை, இரும்புப் படி ஏறினால் மேலே வீடு.

"என்ன எழுதியிருக்கு? வாசிங்க."

"என்னமோ டி டிரைவ் ஃபுல்லுங்கான். செவப்புக் கோடு விழுந்திருக்கு. பில்லு ஒண்ணும் சேவ் ஆவ மாட்டேங்குது. கடைக்காரன்ட்ட கேட்டா மொத்தமா ஃபார்மட் அடிக்கணுங்கான்."

"எதையும் தொடாதீங்க. ஞாயித்துக்கெழம வாரேன்."

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவள் என்பதால் குடும்பத்தில் எந்த ஃபோன் தொங்கினாலும், எந்தப் பிரிண்டர் பேப்பரைத் தின்றாலும் எனக்குத்தான் அழைப்பு வரும். நான் பார்ப்பது அக்கவுண்ட்ஸ் வேலை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்து விட்டுவிட்டேன்.

இந்த டி டிரைவ் பைத்தியம் காக்காவுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பல வருஷம் முன்னால் பட்டறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. ஒருநாள் அது செத்துப்போனது. மாட்டுங்காவில் ஒரு ரிப்பேர் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தார். கடைக்காரர் விண்டோஸை மறுபடி ஏற்றிக் கொடுத்தார், ஆனால் சி டிரைவில் இருந்த பை டிசைன் எல்லாம் போச்சு. திருப்பிக் கொடுக்கும்போது விரலை உயர்த்தி, "ஸீ மே குச் மத் ரக்னா பாய், சப் டீ மே" என்றார். சியில் ஒன்றும் வைக்காதே, எல்லாவற்றையும் டியில் வை. பம்பாயில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற அத்தனை பேரும் சொல்வது இதுதான். காக்கா அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். புது மெஷின் வந்தாலும் வேலைக்கு வருகிறவர்களிடம் முதலில் சொல்வது அதுதான்.

பழைய மெஷினில் டி என்பது பாதி டிஸ்க். அதனால் கடைக்காரர் சொன்னது சரி. இந்தப் புது லேப்டாப்பில் அப்படிப் பிரிக்கவே இல்லை. டி என்று தெரிவது கம்பெனிக்காரன் விட்டுவைத்த ஒரு சின்ன மூலை. பக்கத்திலேயே 'ரிகவரி' என்று எழுதியிருக்கிறது. மெஷின் ஒருநாள் படுத்துவிட்டால் அதை எழுப்பி உட்காரவைக்கிற சரக்கு அதற்குள்தான் இருக்கும். அதில் நாம் கை வைக்கவே கூடாது. மருந்துப் பெட்டிக்குள் வெங்காயத்தைக் கொட்டிவைத்த மாதிரி, காக்கா போன ஒன்றரை வருஷமாக எல்லாவற்றையும் அதற்குள் போட்டுத் திணித்திருக்கிறார். நிறையாமல் என்ன செய்யும்?

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு அந்த வீட்டுக்குப் போகக் கால் எழவில்லை. காரணம் வாப்பா.

வாப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. புத்தி தெளிவாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். சொல்வது எல்லாம் புரியும், பதில்தான் வராது. நான் செம்பூரிலிருந்து வாரம் தவறாமல் போவேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காருவேன். புனேயில் படிக்கிற என் மகளின் படத்தை ஃபோனில் எடுத்துக் காட்டுவேன், அவள் பேசி அனுப்பியதைப் போட்டுக் காட்டுவேன். வாப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். நான் கிளம்பும்வரை திரும்பவே மாட்டார். அவருடைய பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வருவேன்.

"ஒம்மேல வருத்தம் அவங்களுக்கு" என்றார் காக்கா. "நீ செம்பூர்ல போயி சொகமா ஒக்காந்துகிட்ட. வாப்பாவுக்கு எல்லாம் தெரியும்."

அதை நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? திரும்பிய முகத்தை என் கண்ணால் பார்த்தேனே. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சயான் பாலத்தில் ரயில் காட்டிய மனிதர், சாகிறதற்கு முன்னால் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் சுவரைப் பார்க்கிறார் என்று நினைத்து, பஸ்ஸில் துப்பட்டாவை மூஞ்சியில் போட்டுக்கொண்டு அழுதுகொண்டே வீட்டுக்கு வந்திருக்கிறேன். பக்கத்து சீட் பெண் ஒருத்தி தண்ணீர் பாட்டிலை நீட்டியிருக்கிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது காக்கா இல்லை, குர்லாவில் யாரையோ பார்க்கப் போயிருந்தார். மைனி, அதாவது காக்காவின் மனைவி, அடுப்படியில் வாப்பாவின் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். வீடு என்பது ஒரே அறைதான். நடுவில் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் வாப்பா தூங்கிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் தரையில் சம்மணம் போட்டு லேப்டாப்பைத் திறந்தேன்.

சிவப்புக் கோடு விளிம்புவரை நின்றது. உள்ளே போனேன். யா அல்லாஹ், என்ன குப்பை! குட்மார்னிங் ரோஜாப்பூ, மினுமினுக்கிற ஜும்மா முபாரக், வெங்காயத்தை சாக்ஸுக்குள் வைத்துப் படுத்தால் சுகர் இறங்கும் என்று ஒருத்தன், லாரியில் அடிபட்டுக் கிடக்கிற யாரோ ஒருவருடைய உடம்பு. அந்த உடம்பை எதற்குச் சேமித்து வைத்தார்? யார் பெற்ற பிள்ளையோ. 'ஜிஎஸ்டி ஓல்டு' என்று ஒரு ஃபோல்டர், திறந்தால் இடுப்பை ஆட்டுகிற பெண்கள். தாடி வைத்திருக்கிறார், தொப்பி போட்டிருக்கிறார், ஜும்மாவுக்கு முதல் வரிசையில் நிற்கிறார். ச்சீ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

எல்லாவற்றையும் அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். கோடு ஒரு நூல் அளவு நகர்ந்தது, நிறம் மாறவில்லை. அப்போது இன்னது இன்ன அளவு என்று வரிசைப்படுத்திப் பார்த்தேன். ஒரு ஃபோல்டர் மட்டும் மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் வராத பெரிசு. பெயர் 'வாப்பா சேவா'.

திறந்தேன். அத்தனையும் வீடியோ.

முதலில் ஒன்றைப் போட்டேன். காக்காவின் குரல், ரேடியோவில் பேசுகிற மாதிரி. "அஸ்ஸலாமு அலைக்கும். மாமி, பெரியத்தா, சவுதியில இருக்க தம்பிமாரு எல்லாரும் பாருங்க. அல்ஹம்துலில்லாஹ், இன்னைக்கு வாப்பா கஞ்சி குடிக்காங்க." காக்கா ஸ்பூனால் ஊட்டுகிறார். ஒரு வாய். இரண்டாம் வாய். ஃபோனைப் பிடித்திருப்பது மைனி போல, அவளுடைய வளையல் சத்தம் கேட்கிறது. மூன்றாம் வாய்க்கு முன்னாலேயே, "போதும், இந்தா பிடி" என்று கிண்ணத்தை நீட்டுகிறார். ஃபோன் கை மாறுகிறது, வீடியோ முடிகிறது. வெட்டக்கூடத் தெரியவில்லை அவருக்கு. அதையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறார்.

அடுத்தது குளிப்பாட்டுவது. நான் அதை எழுதக் கூடாது, ஆனால் எழுதாவிட்டால் நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று புரியாது. எங்கள் வாப்பாவைப் பனியனும் லுங்கிச் சாரமும் இல்லாமல் நாங்கள் பார்த்ததே கிடையாது. மே மாதம் கரண்ட் போய் ஊரே வெந்தாலும் பனியனைக் கழற்ற மாட்டார். சாரம் முழங்காலுக்கு மேலே ஏறினால் உட்கார்ந்த இடத்தில் இழுத்துவிட்டுக்கொள்வார். படம் எடுப்பதே பிடிக்காது. என் கல்யாணத்தில்கூட ஒரே ஒரு படத்துக்கு, கையைக் கட்டிக்கொண்டு, திட்டு வாங்கிய மாதிரி நின்றார். அந்த மனிதர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், எலும்பும் தோலுமாக, ஒரு நூல் துணி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். ஃபோன் மேலே போகிறது, கீழே போகிறது. "பாருங்க, எப்படி எளச்சிட்டாங்க" என்கிறார் காக்கா. சோப்புப் போட்டுத் தேய்க்கிற கை மைனியுடையது. வீடியோவில் அவள் வெறும் கைதான்.

இன்னொன்றில் இடுப்பில் இருந்த படுக்கைப் புண். கிட்டே போய், இன்னும் கிட்டே போய் எடுத்திருக்கிறார். எனக்கு அப்போது ஒன்று உறைத்தது. ஊரில் இருக்கிற வாப்பாவின் தங்கை, எங்கள் மாமி, போன மாதம் ஃபோனில் "அந்த எடது இடுப்புப் புண்ணு காஞ்சிட்டாம்மா?" என்று கேட்டாள். எனக்கே எந்த இடுப்பு என்று தெரியாது, மாமிக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். சொந்தக்காரர்களின் அந்த வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து நான் முன்பே சண்டை போட்டு வெளியே வந்துவிட்டேன். அதனால் எனக்கு மட்டும் எதுவும் வரவில்லை. ஊரில் மேலப்பாளையத்திலும் சவுதியில் தம்மாமிலும் இருக்கிற அத்தனை பேரும் டீ குடித்துக்கொண்டே என் வாப்பாவின் உடம்பைப் பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு "மாஷா அல்லாஹ், மவன்னா இவன் மவன்" என்று போட்டிருப்பார்கள். அவர்களில் ஒருவருக்காவது துணியைப் போடு என்று சொல்லத் தோன்றவில்லையே. நாசமாய்ப் போக.

மூடிவிடலாம் என்று கையைக் கொண்டுபோனேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். எந்த வீடியோவாக இருந்தாலும் தொடக்கத்தில் ஒரு நொடி வாப்பாவின் முகம் நேராக இருக்கும். கண் ஃபோன்மேல் படும். உடனே முகம் சுவர்ப் பக்கம் திரும்பும். பிறகு காக்காவின் கை வந்து தாடையைப் பிடிக்கும், இந்தப் பக்கம் திருப்பும். "இங்க பாருங்க வாப்பா. கேமராவப் பாருங்க. எல்லாரும் ஒங்களத்தான் பாக்காங்க."

மறுபடி ஒன்று போட்டேன். அதேதான். இன்னொன்று. அதேதான். திரும்புகிற முகம், தாடையில் கை.

என் ஃபோன் லேப்டாப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. அதைப் பார்த்தேன். நான் எப்போது அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் போனாலும் கையில் இதைப் பிடித்துக்கொண்டுதானே போனேன். பேத்தி படம் காட்டுகிறேன் என்று அவருக்கு நேராக இதைத்தானே நீட்டினேன். வாப்பா என்னிடமிருந்து முகத்தைத் திருப்பவில்லை. இந்தச் சனியனிடமிருந்து திருப்பியிருக்கிறார். என் மேல் வருத்தம் என்று காக்கா எனக்குச் சொன்னபோது அவருக்குக் காரணம் தெரிந்திருந்ததா இல்லையா என்று எனக்கு இன்றும் தெரியாது. தெரிந்தே சொல்லியிருந்தால் அவர் மனிதனே இல்லை. தெரியாமல் சொல்லியிருந்தால், தினமும் தாடையைப் பிடித்துத் திருப்புகிறவருக்கு அது தெரியாது என்பது அதைவிடக் கேவலம்.

மைனி ஈரக் கையோடு வந்து பின்னால் நின்றிருக்கிறாள். நான் திரும்பிப் பார்த்தேன்.

"நான் என்ன செய்ய?" என்றாள் மெதுவாக. "வேண்டாமேன்னு ஒரு நாளு சொன்னேன். ஒனக்குப் பேரு கெடைக்கலேன்னு வயித்தெரிச்சலாட்டின்னு ஒங்க காக்கா கேட்டாங்க. பெறவு நான் வாயத் தொறக்கல."

"அழிக்கப் போறேன் மைனி."

"அழிங்க. கேட்டா நானுந்தான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றுவிட்டு மறுபடி துணி அலசப் போனாள்.

ஃபோல்டர் மொத்தத்தையும் அழித்தேன். நிரந்தரமாக அழிக்கவா என்று கேட்டது, ஆமாம் என்றேன். கோட்டைப் பார்த்தால், பாவி, இன்னும் சிவப்பு. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. தேடிப் பார்த்ததில் விஷயம் தெரிந்தது. லேப்டாப்பை விற்றவன் தானாகவே காப்பி எடுத்துவைக்கிற ஏற்பாட்டை வைத்துக் கொடுத்திருக்கிறான். அந்தக் காப்பியும் டியிலேயே போய் விழுந்திருக்கிறது. வாப்பா குளிக்கிற ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு காப்பி, காப்பிக்குப் பழைய காப்பி. வாரா வாரம் மெஷினும் தன் பங்குக்கு வாப்பாவை அவிழ்த்து அடுக்கி வைத்திருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக அழித்தேன். அந்த ஏற்பாட்டையும் டியிலிருந்து பிடுங்கினேன். கம்பெனிக்காரன் வைத்த ரிகவரி ஃபோல்டரை மட்டும் தொடவில்லை. கோடு நீலமானது. பில் சேவ் ஆனது.

இரும்புப் படியில் சத்தம் கேட்டது. காக்கா வந்துவிட்டார்.

"ஆயிட்டா? பலே!" என்று குனிந்து பார்த்தவர் முகம் மாறியது. "ஏட்டி, வாப்பா ஃபோல்டரு எங்க?"

"அழிச்சிட்டேன்."

"ஒனக்கு என்ன கிறுக்கா? அது ஆதாரம்! நாளைக்கு இங்க எல்லாத்தையும் இடிச்சு பில்டிங் வரும், குடுக்கப்போற புது வீடு யாருக்குன்னு பேச்சு வரும். வாப்பாவப் பாத்தது நாந்தான்னு அப்ப யாரு சொல்லுவா?"

"வீட்ட நீங்களே வச்சுக்கிடுங்க காக்கா. இப்பவே எழுதித் தாரேன். அதுக்குப் பெத்த வாப்பாவ அம்மணமா ஊரு பூரா காட்டணுமா? வெக்கமா இல்ல?"

"சும்மா காலிபீலி பேசாத. மொத்த சொந்தமும் துஆ செய்யிது. வாரத்துக்கு ஒரு நாளு வந்துட்டுப் போறவ நீ, ஒனக்கு என்ன தெரியும்?"

"தொடச்சு விடுதது மைனி. நீங்க என்ன செஞ்சீங்க? படம் புடிச்சீங்க."

காக்கா ஒரு நொடி மைனியைப் பார்த்தார். அவள் துணி அலசுகிற இடத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. பிறகு தன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார், சிரித்துக்கொண்டே. "அழிச்சா என்னட்டி? எல்லாம் இதுல இருக்கு. குரூப்புல இருக்கு. ஊர்ல ஒவ்வொருத்தன் ஃபோன்லயும் இருக்கு. எத்தன பேரு வீட்டுக்குப் போயி அழிப்ப?"

அவர் சொன்னது உண்மைதான். சிவப்புக் கோட்டை நீலமாக்க முடிந்தது, அவ்வளவுதான். என்னோடு ஒரே தட்டில் சோறு தின்றவர் இவர் என்று நினைக்க அருவருப்பாக இருந்தது.

அடுப்படிக்குப் போய் என் ஃபோனை அரிசி டின் மேல் வைத்தேன். மைனி போட்டுவைத்து ஆறின டீயை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, ஸ்பூன் எடுத்துக்கொண்டு, திரையை விலக்கி உள்ளே போனேன்.

வாப்பா விழித்திருந்தார். நாங்கள் போட்ட சண்டை முழுக்க அவர் காதில் விழுந்திருக்கும். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். ஒரு கையில் கிண்ணம், இன்னொரு கையில் ஸ்பூன். பிறகு எனக்குப் பின்னால் திரையைப் பார்த்தார்.

"ஃபோனு இல்ல வாப்பா. அடுப்படியில வச்சிட்டு வந்துட்டேன்."

அதற்கப்புறம் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றரை வருஷத்தில் முதல் தடவை. இடது கையால் சாரத்தைத் தேடி, முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட முயன்றார், எட்டவில்லை. நான் இழுத்துவிட்டேன். வாயைத் திறந்தார். டீயைக் கொடுத்தேன். பாதி வழிந்தது, பாதி உள்ளே போனது. வாப்பா அழுதார், நானும் அழுதேன், ஆனால் அவர் முகத்தைத் திருப்பவில்லை.

திரை விலகுகிற சத்தம் கேட்டது.

"ஏ, அப்படியே இரு, அப்படியே இரு! மவ ஊட்டுதா, சூப்பரா இருக்கு. கொஞ்சம் நகரு, வாப்பா மொகம் தெரியல."

வாப்பாவின் தலை சுவர்ப் பக்கம் திரும்பத் தொடங்கியது. நான் கிண்ணத்தைத் தரையில் வைத்தேன். கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒரு கையை ஊன்றி அவர்மேல் குனிந்துகொண்டேன், துப்பட்டாவை இரண்டு பக்கமும் விரித்துவிட்டேன்.

"நகருன்னு சொல்லுதேன்லா!"

"நகரமாட்டேன்."

"எடுக்காம விடமாட்டேன் பாரு" என்றார். எடுத்தார். "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று ஆரம்பித்து என் முதுகையே எடுத்தார். எனக்குக் கீழே வாப்பாவின் தலை திரும்புவதை நிறுத்தியிருந்தது. அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது.

மறுநாளிலிருந்து ஆபீஸ் விட்டதும் நேராகத் தாராவிதான் போகிறேன். வாரக் கடைசியில் மாமி ஊரிலிருந்து கூப்பிட்டாள்.

"என்னம்மா, ஒங்க காக்கா அனுப்புத வீடியோவுல வாப்பாவையே காணோம்? அன்னைக்குப் பாத்தா ஒம் முதுகு. நேத்து பாத்தா ஒம் மைனி முதுகு. என்னதான் நடக்கு அங்க?"

"அதுதான் மாமி நடக்கு" என்றேன். "இனிமே எங்க முதுகுதான் தெரியும்."